எந்த விலங்கு? உடற்செயலியலை இணையத்தில் படிப்பவருக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான்: பி.எஸ்ஸி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. இந்தப் பருவத்தில் விலங்கு உடற்செயலியல் தாள் வருகிறது. வகுப்பில் சொல்லும் குறிப்புகளை எழுதிக்கொள்கிறேன், ஆனால் தலைக்குள் ஏறவில்லை. கையில் ஒரு ஃபோன்தான், லேப்டாப் கிடையாது. ஆய்வகத்தில் தவளை அறுப்பதும் நின்றுபோய்விட்டது. இணையத்தில் எதைப் பார்ப்பது, டேட்டா எவ்வளவு போகும்?

இருபது வருடத்துக்கு மேலாக இந்தப் பாடத்தை நடத்துகிறவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். முப்பது இணைப்புகளைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம். நீங்களும் சேமித்து வைப்பீர்கள், திறக்க மாட்டீர்கள். அதைவிட, எதை எதற்காகத் திறக்க வேண்டும் என்று சொல்வதுதான் உங்களுக்கு உதவும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இணையத்தில் ‘பிசியாலஜி’ என்று தேடினால் வந்து கொட்டுவதில் பெரும்பகுதி மனித உடலைப் பற்றியது. மருத்துவம், நர்சிங் படிப்பவர்களுக்காக எடுத்த காணொளிகள். நன்றாகத்தான் இருக்கும், அதனால்தான் ஆபத்து. சில வருடங்களுக்கு முன் ஒரு விடைத்தாளில், பசுவின் இயல்பான உடல் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ் என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். வெப்பச் சீராக்கம் பற்றி அருமையாக ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் இந்த எண். கூப்பிட்டுக் கேட்டேன். ‘யூடியூப்ல அப்படித்தான் சார் சொன்னாங்க’ என்றார். சொன்னவர் மனிதனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பசுவுக்கு 38.5-ஐ ஒட்டி இருக்கும், கோழிக்கு 41-ஐத் தாண்டும். ஆகவே எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், எந்தக் காணொளியைத் தட்டினாலும், முதலில் கேட்க வேண்டியது: இது எந்த விலங்கு? பதில் தெரியாமல் ஓர் எண்ணைக்கூடக் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள்.

சரி, எங்கே தொடங்குவது? சிரிக்காதீர்கள், தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் பாடநூலில். தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் பி.டி.எஃப். வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. செரிமானம், சுவாசம், சுற்றோட்டம், கழிவுநீக்கம், இயக்கம், நரம்பு, நாளமில்லாச் சுரப்பிகள் என்று உங்கள் பாடத்திட்டத்தின் எலும்புக்கூடு முழுவதும் அதில் இருக்கிறது. இரண்டு மொழிப் புத்தகங்களையும் இறக்கி, ஒரே பாடத்தை அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். தமிழ் வழியில் வந்தவர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் பாடத்தில் இல்லை, சொல்லில்தான். ‘ஆஸ்மோரெகுலேஷன்’ (உடலில் நீர், உப்பின் அளவைச் சீராக வைத்துக்கொள்வது) என்று கேட்டதும் மிரள்கிறவர், ‘ஊடுகலப்பு ஒழுங்குபாடு’ என்றால் ‘ஓ, அதுவா’ என்பார். இந்த இரண்டு புத்தகங்களை வைத்து நீங்களே ஒரு நாற்பது பக்க நோட்டில் சொல் பட்டியல் போட்டுக்கொள்ளலாம். ஒரு வாரத்து வேலை. அதற்குமேல் சொல் தேவைப்பட்டால் தமிழக அரசின் சொற்குவை தளம் இருக்கிறது.

தமிழில் தேடும்போது இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் துறைக்கு நம்மிடம் ஒரே பெயர் இல்லை. இங்கே உடற்செயலியல் என்கிறோம். உடலியங்கியல் என்றும் எழுதுவார்கள். இலங்கையில் உடற்றொழிலியல் என்பார்கள். மூன்றையும் போட்டுத் தேடினால்தான் தமிழில் இருப்பது கண்ணில் படும்.

அடுத்த படி, ஓப்பன்ஸ்டாக்ஸ். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் இலவசப் பாடநூல் திட்டம் அது. இங்கேதான் நிறையப் பேர் தவறான புத்தகத்தை எடுத்துவிடுகிறார்கள். ‘அனாட்டமி அண்ட் பிசியாலஜி’ என்ற பெயரைப் பார்த்ததும் அதை இறக்கிக்கொள்வார்கள். அது முழுக்க மனித உடல். உங்களுக்கு வேண்டியது அதே தளத்தில் இருக்கும் ‘பயாலஜி’ நூலின் இரண்டாம் பதிப்பு. அதில் 33 முதல் 43 வரையுள்ள அத்தியாயங்கள். ஹைட்ராவில் தொடங்கிப் பாலூட்டி வரை ஒப்பிட்டுச் சொல்வார்கள். முழு பி.டி.எஃப். கனமானது, ஃபோன் திணறும். தளத்திலேயே அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்கலாம்.

அந்த நூலின் 39-ஆம் அத்தியாயத்தில் பறவையின் சுவாசம் பற்றி ஒரு படம் வரும். அதில் ஒரு மணி நேரம் செலவழியுங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வது வழக்கம். நமக்குக் காற்று போன வழியிலேயே திரும்பி வருகிறது. பறவைக்கு அப்படி இல்லை. உள்ளே இழுத்த காற்றின் பெரும்பகுதி முதலில் பின்பக்கக் காற்றுப் பைகளுக்குப் போகிறது. மூச்சை விடும்போதுதான் அது நுரையீரலுக்குள் நுழைகிறது. அடுத்த மூச்சை இழுக்கும்போது முன்பக்கப் பைகளுக்கு நகர்கிறது. இரண்டாவது முறை விடும்போது வெளியேறுகிறது. ஒரு பிடிக் காற்று உள்ளே போய் வெளியே வர இரண்டு முழு மூச்சு. நுரையீரலுக்குள் காற்று எப்போதும் ஒரே திசையில்தான் ஓடும். படத்தைப் பார்த்து ‘புரிந்துவிட்டது’ என்று மூடிவிடாதீர்கள். ஒரு தாளில் மூன்று பெட்டிகள் வரையுங்கள்: பின்பை, நுரையீரல், முன்பை. ஒரு புளியங்கொட்டையைக் காற்று என்று வைத்துக்கொண்டு நான்கு அசைவில் நகர்த்துங்கள். மூன்றாவது அசைவில் கொட்டையை எங்கே வைப்பது என்று கை தயங்கினால், இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். எந்தக் காணொளியும் இதை உங்களுக்குக் காட்டிக்கொடுக்காது.

காணொளி என்றால், நம் நாட்டில் என்.பி.டி.இ.எல். இருக்கிறது. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் இணைய வகுப்புகள். அதில் ஐ.ஐ.டி. கான்பூர் பேராசிரியர் மைனாக் தாஸ் நடத்திய விலங்கு உடற்செயலியல் தொடர் உண்டு. கரும்பலகை வகுப்பு போலத்தான் போகும், பளபளப்பு இருக்காது. எனக்கு அதுதான் பிடிக்கும்: ஒருவர் யோசித்துக்கொண்டே வரைவதைப் பார்க்கலாம். பார்ப்பதற்குப் பணம் இல்லை, சான்றிதழ் தேர்வு எழுதினால்தான் கட்டணம். யு.ஜி.சி.யின் இ-பி.ஜி. பாடசாலையில் இருப்பது முதுகலை அளவு. செமினாருக்குத் தலைப்பு கொடுத்தால் அங்கே போங்கள், இப்போது வேண்டாம். கான் அகாடமி போன்றவை நரம்பு, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் அடிப்படைக்கு நல்லவைதான். ஆனால் அந்த முதல் கேள்வியை மறக்காமல் பாருங்கள்.

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைக்கும் வகைக்கு வருகிறேன். படிப்பது, பார்ப்பது இரண்டையும் தாண்டி, நீங்களே திருகிப் பார்க்கும்படியான உருவகப் பயிற்சிகள், அதாவது சிமுலேஷன்கள். உடற்செயலியலில் எல்லோரும் முட்டி நிற்கும் இடம் சவ்வு மின்னழுத்தம், அதாவது செல் சவ்வுக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கும் மின்னழுத்த வேறுபாடு. அதை எழுத்தில் படித்துப் புரிந்துகொண்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அரிசோனா பல்கலைக்கழக உடற்செயலியல் துறை ஒரு நெர்ன்ஸ்ட்–கோல்ட்மன் கணிப்பானை இணையத்தில் வைத்திருக்கிறது. பொட்டாசியம், சோடியம், குளோரைடு ஆகியவை செல்லுக்கு உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று நகர்த்தினால் மின்னழுத்தம் மாறுவது கண்ணெதிரே தெரியும். பாலூட்டியின் செல் என்று வைத்துக்கொள்ளுங்கள், 37 டிகிரி. பொட்டாசியம் உள்ளே 140 மில்லிமோல், வெளியே 5. பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தம் (அது உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகும் அளவு) ஏறத்தாழ −89 மில்லிவோல்ட். இப்போது வெளியே இருப்பதை 5-லிருந்து 10 ஆக்குங்கள். −70 பக்கம் வந்துவிடும். உள்ளே இருக்கும் 140-ஐ 145 ஆக்கிப் பாருங்கள், ஒரு மில்லிவோல்ட்கூட முழுதாக நகராது. வெளியே ஐந்து கூடினால் ஆட்டம் காண்கிறது, உள்ளே ஐந்து கூடினால் ஒன்றும் இல்லை. ஏன்? விகிதம்தான் கணக்கு, அளவு அல்ல. ரத்தத்தில் பொட்டாசியம் கொஞ்சம் ஏறினாலே இதயத் துடிப்பு தடுமாறுவதற்கு அடிப்படை இதில்தான் இருக்கிறது. இதை நான் கரும்பலகையில் இரண்டு வகுப்பு நடத்தியிருக்கிறேன். இரண்டு நிமிடம் திருகிப் பார்த்தவர்கள் சொன்ன அளவுக்குக்கூட வகுப்பில் கேட்டவர்கள் திருப்பிச் சொன்னதில்லை. கொஞ்சம் வருத்தம்தான், என்ன செய்வது.

அது பிடிபட்டதும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்துக்குப் போங்கள். இயற்பியலில் நோபல் வாங்கிய கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய திட்டம். அதில் ‘நியூரான்’ என்ற உருவகம் உண்டு. பொத்தானை அழுத்தினால் தூண்டல் நரம்பிழையில் ஓடிவரும். சோடியம் வாயில் திறக்கும், துகள்கள் உள்ளே பாயும், பிறகு பொட்டாசியம் வெளியேறும். மெதுவாக ஓட்டலாம், பின்னோக்கியும் ஓட்டலாம். வரைபடத்தையும் கூடவே ஓடவிட்டு, கோடு உச்சிக்கு ஏறும் நொடியில் நிறுத்தி, எந்த வாயில் திறந்திருக்கிறது என்று பாருங்கள். ஃபெட்டில் பல உருவகங்கள் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கின்றன. ஃபோன் உலாவியிலேயே ஓடும்.

தவளைக்கு வருவோம். நான் படித்த காலத்தில் தவளையின் கெண்டைக்கால் தசையை அதன் நரம்போடு எடுத்து, கைமோகிராஃப் உருளையில் பதிவு செய்வோம். மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் கறுப்பேற்றிய தாளை உருளையில் சுற்ற வேண்டும். சுற்றும்போது விரல் பட்டால் போச்சு, மறுபடி புகை காட்ட வேண்டும். தசை ஒருமுறை சுருங்கினால் எழுதுகோல் புகையைக் கீறி ஒரு வெள்ளை மலை வரையும். முடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் மூக்குக்குள்ளேயும் கரி. அந்த ஏக்கம் எனக்கு உண்டு. ஆனால் வருடத்துக்கு எத்தனை தவளை போயிற்று என்று கணக்குப் போட்டால் ஏக்கம் குறைகிறது. யு.ஜி.சி. 2011-இல் விலங்கு அறுவையைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது, 2014-இல் நிறுத்தவே சொல்லிவிட்டது. அதனால் நீங்கள் எதையோ பெரிதாக இழந்துவிட்டதாக எண்ண வேண்டாம். தவளையை அறுத்தவர்களில் பாதிப் பேர் பக்கத்து மேசைக்காரரின் வரைபடத்தைப் பார்த்துத்தான் ரெக்கார்டு எழுதினார்கள்.

அதற்கு ஈடாக இணையத்தில் இருப்பவற்றில் என் விருப்பம், அமெரிக்காவின் ஹெச்.ஹெச்.எம்.ஐ. மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் பயோஇன்டராக்டிவ் தளத்தில் இருக்கும் நரம்பு உடற்செயலியல் ஆய்வகம். விலங்கு என்ன தெரியுமா? அட்டை. மழைக்காலத்தில் வால்பாறைப் பக்கம் போனால் காலில் ஏறுகிறதே, அதன் சொந்தக்காரனான மருத்துவ அட்டை. திரையில் அதன் நரம்பு முடிச்சு ஒன்றை வெளியே எடுத்து, ஒரு செல்லுக்குள் மின்முனையைச் செருகுவீர்கள். பிறகு தோலை இறகால் வருடலாம், குச்சியால் அழுத்தலாம், இடுக்கியால் கிள்ளலாம். சில செல்கள் இறகுக்கே படபடவென்று மின்துடிப்பைக் காட்டும். சில அழுத்தினால்தான் அசையும். சில கிள்ளினால் மட்டும். தொடுகை, அழுத்தம், வலி என்று மூன்று வகை உணர்செல்கள். எது எந்த செல் என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். உணர்வு என்பது எந்த நரம்பு துடித்தது என்பதைப் பொறுத்தது என்ற பெரிய விஷயம், ஓர் அட்டையின் தோலில் அரை மணி நேரத்தில் விளங்கிவிடும்.

நம் பக்கத்திலும் இருக்கிறது. அம்ரிதா பல்கலைக்கழகத்தின் மெய்நிகர் ஆய்வகங்களில் நியூரான் உருவகத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு. நரம்பில் மின்துடிப்பு எழுவதைக் கணக்காகச் சொல்லும் ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி மாதிரியில் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். கொஞ்சம் கடினம், ஃபெட் முடித்தபின் போங்கள். புதுச்சேரி ஜிப்மரில் பேராசிரியர் ரவீந்திரன் உருவாக்கிய எக்ஸ்ஃபார்ம் மென்பொருளும் இலவசம்தான். முயலின் கண்ணில் மருந்து விட்டால் பாவை விரிகிறதா சுருங்குகிறதா, நாயின் ரத்த அழுத்தம் அட்ரினலினுக்கு எப்படி ஏறுகிறது என்றெல்லாம் ஒரு விலங்கையும் தொடாமல் பார்க்கலாம். மருந்தியல் மாணவர்களுக்காகச் செய்தது, ஆனால் தானியங்கு நரம்பு மண்டலம் படிக்கும் யாருக்கும் பயன்படும். ஃபோனில் ஓடாது, விண்டோஸ் கணினி வேண்டும். கல்லூரி கணினி அறையில் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் யாரும் அடிக்க மாட்டார்கள்.

இடையில் ஒரு சின்னத் தகவல். பழைய பேராசிரியர்கள் கொடுக்கும் இணைப்புப் பட்டியல்களில் பாதி வேலை செய்யாது. அவர்கள் மேல் தப்பில்லை. அந்தக் கால உருவகங்கள் ஃபிளாஷில் செய்தவை, 2020 கடைசியோடு ஃபிளாஷ் போய்விட்டது. சாம்பல் நிறக் கட்டம் மட்டும் தெரிந்தால் உங்கள் ஃபோனைக் குறை சொல்லாமல் அடுத்ததற்கு நகருங்கள்.

எண்கள் வேண்டுமென்றால், அதாவது எந்த விலங்குக்கு எவ்வளவு வெப்பநிலை, எவ்வளவு இதயத் துடிப்பு, எவ்வளவு மூச்சு என்றால், எம்.எஸ்.டி. கால்நடை மருத்துவக் கையேடு. 1955-இல் மெர்க் கால்நடை மருத்துவக் கையேடாக அச்சில் வந்தது, இப்போது இணையத்தில் இலவசம். கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு வடிவம், செல்லப்பிராணி வளர்ப்போருக்கு ஒரு வடிவம். நீங்கள் முதலாவதைப் பாருங்கள். இன்று சாட்பாட்டிடம் கேட்டு எண் வாங்கி எழுதுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: கேளுங்கள், ஆனால் அந்த எண்ணை இங்கே வந்து ஒப்பிட்டுப் பார்த்தபின் எழுதுங்கள்.

அசைபோடும் விலங்கின் செரிமானம் பற்றி உங்கள் தாளில் நிச்சயம் ஒரு கேள்வி வரும். அதற்கு கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் போவன் எழுதி வைத்த ‘விவோ பாத்தோபிசியாலஜி’ என்ற தளம். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எளிய ஆங்கிலம். வயிற்றின் முதல் அறையில் நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குகின்றன; பசு வாழ்வது பெரும்பாலும் அவற்றில்தான், குளுக்கோஸில் அல்ல. குடலிலிருந்து மிகக் கொஞ்சம் குளுக்கோஸ்தான் கிடைக்கிறது. வேண்டியதைக் கல்லீரல் புரோப்பியோனிக் அமிலத்திலிருந்து செய்துகொள்கிறது. அந்த அமிலக் குவியலைச் சமன்செய்ய ஒரு பெரிய பசு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கிறது. நூறு லிட்டர்! வீட்டு மாடியில் வைக்கும் 500 லிட்டர் தொட்டியை ஐந்து நாளில் நிரப்பிவிடும்.

இதைப் படித்துவிட்டு ஃபோனை வைத்துவிட்டு, வெளியே படுத்திருக்கும் ஒரு மாட்டைப் போய்ப் பாருங்கள். தெரிந்தவர் வீட்டு மாடாக இருந்தால் நல்லது. அசைபோட்டு முடித்து விழுங்கியதும் சில நொடி வாய் நிற்கும். அப்புறம் கழுத்தில் ஒரு உருண்டை கீழிருந்து மேலே ஏறுவது தெரியும். எத்தனை முறை மென்று விழுங்குகிறது என்று எண்ணுங்கள். பிறகு, உரிமையாளர் அனுமதித்தால், இடது பக்கத்தில் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே குழிந்திருக்கும் இடத்தில் முஷ்டியை அழுத்தி வையுங்கள். வயிற்றின் அந்த முதல் அறை சுருங்குவதால், ஒரு நிமிடத்தில் ஒன்று அல்லது இரண்டு முறை உங்கள் கை மெல்ல வெளியே தள்ளப்படும். கால்நடை மருத்துவர் மாட்டைப் பார்க்க வந்ததும் அந்த இடத்தில் கை வைப்பது இதற்குத்தான்.

கடைசியாக, ஆராய்ச்சிக் கட்டுரைகள். இரண்டாம் ஆண்டுக்கு எதற்கு என்று நினைப்பீர்கள். பப்மெட் சென்ட்ரல் என்ற இலவசக் கட்டுரைக் களஞ்சியத்தில் ‘ஜர்னல் ஆஃப் பிசியாலஜி’யின் பழைய இதழ்கள் 1878 முதல் இலவசமாகக் கிடக்கின்றன. பழைய கட்டுரைகள் இன்றைய கட்டுரைகளைவிட எளிதானவை, கதை போல எழுதியிருப்பார்கள். ஒன்றே ஒன்று படியுங்கள்: ஆங்கிலேய மருத்துவர் சிட்னி ரிங்கர் 1883-இல் எழுதியது.

தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கவிட்டார் ரிங்கர். முந்தைய கட்டுரையில், காய்ச்சி வடித்த நீரில் கரைத்த உப்பே போதும் என்கிற மாதிரி எழுதியிருந்தார். பிறகுதான் தெரிந்தது, உதவியாளர் கரைசலைச் செய்தது லண்டன் குழாய்த் தண்ணீரில். உண்மையாகவே வடித்த நீரில் செய்து பார்த்தால் இதயம் தளர்ந்து நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீரில் இருந்து, வடித்த நீரில் இல்லாமல் போன முக்கியப் பொருள் கால்சியம். அதைச் சேர்த்ததும் மறுபடி துடித்தது. தன் பழைய கட்டுரையின் தவறை அவரே புதிய கட்டுரையின் தொடக்கத்தில் ஒப்புக்கொள்கிறார். ஆய்வகத்தில் நாம் ‘ரிங்கர் கரைசல்’ என்று சொல்லிப் பாட்டிலில் வைத்திருப்பது அந்தத் தவறின் பலன்தான். உங்கள் தேர்வுக்கும் இது நேரே உதவும்: எலும்புத்தசை சுருங்கத் தேவையான கால்சியத்தைத் தனக்குள்ளேயே சேமித்து வைத்திருக்கிறது, இதயத்தசைக்கு வெளியிலிருந்தும் கொஞ்சம் நுழைந்தாக வேண்டும். இந்த வேறுபாட்டைக் கேட்காத வினாத்தாளை நான் பார்த்ததே குறைவு.

டேட்டா கணக்கு கேட்டிருந்தீர்கள். காணொளிதான் விழுங்கும், மற்றதெல்லாம் சொற்பம். விரிவுரைகளைக் கல்லூரி வைஃபையில் குறைந்த தரத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். கரும்பலகை எழுத்து தெரிந்தால் போதும். இந்த வாரம் பாடநூல் இரண்டையும் இறக்கி நரம்புப் பாடத்தை இரண்டு மொழியிலும் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த 5-ஐ 10 ஆக்கிப் பாருங்கள். அதில் எங்காவது சிக்கினால் எந்த இடத்தில் என்று எழுதுங்கள், மீதியை அங்கிருந்து சொல்கிறேன்.